உடைமை, சுவாதீனம், பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் உரிமையியல் வழக்குகள் நடத்தும் வழக்கறிஞர். மதுரைக்குத் தெற்கே ஒரு சிறு நகரத்தில் வேலை. வருகிறவர்கள் பெரும்பாலும் நிலம், வீடு, பாதை, வரப்பு என்றுதான் பேச்சைத் தொடங்குவார்கள். "பன்னிரண்டு வருஷமா இருக்கோம், எங்களுக்குத்தானேம்மா?" என்று கேட்ட அதே அம்மா, காகிதங்களை மஞ்சப்பைக்குள் திரும்ப வைத்துக்கொண்டே, "மருமகளை என்னமோ பிடிச்சிருக்கு, அதுக்கும் ஒரு வழி சொல்லு" என்பார். ஆரம்பத்தில் இரண்டும் வேறு வேறு சங்கதி என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைப்பதில்லை. ஒன்று யாருடையது, யார் கையில் இருக்கிறது, அந்தக் கைக்கு எப்படி வந்தது என்ற மூன்று கேள்விகளும் நிலத்துக்கும் பொருந்தும், உடம்புக்கும் பொருந்தும், சாமிக்கும் பொருந்தும். அவற்றைக் குழப்பிக்கொண்டு பங்கை இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். சங்கிலியில் கட்டிப்போடப்பட்டவர்களையும் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். சட்டம் பற்றி இங்கே இருப்பது பொதுவான விளக்கம். உங்கள் வழக்கைப் பற்றிச் சொல்ல உங்கள் காகிதங்களைப் பார்த்தாக வேண்டும்.

உரிமை, சுவாதீனம், அனுபவம் எல்லாம் ஒன்றுதானே? பத்திரத்தில் ஏன் இத்தனை சொற்கள்?

பழைய கிரயப் பத்திரம் ஒன்றை எடுத்துப் படியுங்கள். "சர்வ சுதந்திர பாத்தியமாய், தானாதி விநிமய விக்கிரயங்களுக்கு யோக்கியமாய், புத்திர பௌத்திர பாரம்பரியமாய் ஆண்டனுபவித்துக்கொள்ள வேண்டியது" என்று வரும். அலங்காரம் என்று பலர் தாண்டிப்போகிறார்கள். இல்லை, ஒவ்வொரு சொல்லுக்கும் அங்கே வேலை இருக்கிறது. பாத்தியம் என்பது உரிமை. தானம் கொடுக்க, மாற்றிக்கொள்ள, விற்க உள்ள அதிகாரம் அடுத்தது. ஆள்வது சுவாதீனம், அதாவது பொருள் உங்கள் கட்டுக்குள் இருப்பது. அனுபவிப்பது அதன் பலனை எடுப்பது. இவை தனித்தனியே பிரிந்து போகக்கூடியவை என்பதால்தான் நான்கும் ஒரே ஆளிடம் வந்து சேர்வதாக அந்த நீண்ட வாக்கியம் சொல்லிவைக்கிறது.

அடகு வைத்த சங்கிலியை நினைத்துக்கொள்ளுங்கள். உரிமை உங்களுடையது, சுவாதீனம் கடைக்காரரிடம். மீட்கும்வரை கழுத்தில் போட்டுக்கொள்ளும் அனுபவம் யாருக்கும் இல்லை.

இதில் சுவாதீனத்துக்குச் சட்டம் தனி மரியாதை தருகிறது. ஒரு பொருள் ஒருவர் கையில் இருப்பது நிரூபணமானால், "அது அவருடையது இல்லை" என்று சொல்கிறவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 110ஆம் பிரிவு இதைச் சொன்னது. 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் அது 113ஆம் பிரிவு.

பட்டா என் பேரில் இருக்கிறது. அது போதாதா?

போதாது. பட்டா வருவாய்த் துறையின் ஆவணம், யாரிடம் வரி வாங்குவது என்பதற்கான பதிவு. உரிமையை நிலைநாட்டுவது கிரயம், தானம், பாகப்பிரிவினை, உயில் போன்ற மூலப் பத்திரங்களே. பட்டா நல்ல துணைச் சான்று, அதிலும் சுவாதீனத்துக்கு. ஆனால் தாய்ப் பத்திரம் இல்லாமல் பட்டாவை மட்டும் நம்பி நிலம் வாங்காதீர்கள்.

12 வருஷம் குடியிருந்தால் இடம் நமக்கே சொந்தமாகிவிடும் என்கிறார்களே?

அதிகம் கேட்கப்படுவதும், அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான்.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டத்தில், அட்டவணையின் 65ஆம் இனம் இப்படிச் சொல்கிறது: உரிமையாளர் தன் இடத்தை மீட்க வழக்குப் போட 12 ஆண்டுகள், அடுத்தவரின் சுவாதீனம் அவருக்கு எதிரானதாக மாறிய நாளிலிருந்து. அதற்குள் வழக்குப் போடாவிட்டால் 27ஆம் பிரிவின்படி அவருடைய உரிமையே அணைந்துபோகும். நீதிமன்றங்களில் இதற்கு எதிரிடை அனுபவம் என்று பெயர்.

வெறுமனே இருந்தது எதிரிடை ஆகாது. வெளிப்படையாக இருந்திருக்க வேண்டும், இடைவிடாமல் இருந்திருக்க வேண்டும், "இது உன்னுடையது அல்ல, என்னுடையது" என்ற நிலையில் உரிமையாளருக்கு எதிராக இருந்திருக்க வேண்டும். எந்தத் தேதியில் இருப்பு எதிரிடையாக மாறியது என்பதைச் சொல்லி நிரூபிக்கும் சுமை முழுவதும் உங்கள் தலையில். அனுமதியோடு வந்தவருக்கு இந்த வாதம் தொடக்கத்திலேயே விழுந்துவிடும். வாடகைக்கு வந்தவர் எத்தனை ஆண்டு இருந்தாலும் வாடகைதாரர்தான். காவலுக்கு வைத்தவர், தோட்டம் பார்த்துக்கொள்ளச் சொன்ன உறவினர் போன்றவர்கள் எவ்வளவு காலம் இருந்தாலும் உரிமை கொண்டாட முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2012இல் தெளிவாகச் சொல்லிவிட்டது. அரசு நிலம் என்றால் 12 அல்ல, 30 ஆண்டுகள். கோயில் நிலம் என்றால், தமிழ்நாட்டில் 1959ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையக் கொடைகள் சட்டத்தின் 109ஆம் பிரிவு அந்தக் கதவை அடைத்துவிட்டது.

இந்தச் சட்டம் நியாயமா என்று நீதிபதிகளுக்கே கேள்வி இருந்திருக்கிறது. 2008இல் உச்ச நீதிமன்றம் இதைக் கடுமையாக விமர்சித்து, மாற்றுவது பற்றி யோசிக்கும்படி அரசிடம் சொன்னது. 2019இல் அதே நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள், எதிரிடை அனுபவத்தைத் தற்காப்புக்கு மட்டுமல்ல, வாதியாக வழக்குப் போடவும் பயன்படுத்தலாம் என்றார்கள். 2023இல் சட்ட ஆணையம் தன் 280ஆம் அறிக்கையில் மாற்றம் தேவையில்லை என்று முடித்தது. என் கருத்தைக் கேட்டால், தூங்கும் உரிமையாளரை எழுப்ப ஒரு கெடு வேண்டும்தான். ஆனால் வெளிநாட்டில் கூலி வேலை பார்த்து, ஊரில் அரை கிரவுண்டு வாங்கிப் போட்டவரையும், ஆயிரம் ஏக்கரைத் தரிசாகப் போட்டவரையும் ஒரே அளவுகோலால் அளப்பது எனக்கு ஒப்பவில்லை.

அப்படியானால் வாடகை ஒப்பந்தத்தை ஏன் 11 மாதத்துக்கு எழுதுகிறார்கள்?

அதற்கும் 12 வருஷத்துக்கும் சம்பந்தம் இல்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிறது பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்க வந்த பழக்கம் அது. தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டப்படி எழுத்து ஒப்பந்தமும், அதை வாடகை அதிகார அமைப்பில் பதிவதும் எப்படியும் தேவை.

அண்ணன் முப்பது வருஷமாக நிலத்தை அனுபவிக்கிறார். கல்யாணமாகிப் போன தங்கைக்குப் பங்கு போய்விட்டதா?

போகவில்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் போய்விட்டது என்று நம்பியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பெண்கள் ஏராளம்.

கூட்டுப் பங்குதாரர்களில் ஒருவர் கையில் நிலம் இருந்தால், அது எல்லோருடைய சார்பிலும் இருப்பதாகவே சட்டம் பார்க்கும். அண்ணன் உழுதார், வரி கட்டினார், பட்டாவைத் தன் பேருக்கு மாற்றினார் என்பதால் மட்டும் தங்கையின் உரிமை அழியாது. "உனக்கு இதில் பங்கே கிடையாது" என்று அவர் வெளிப்படையாக மறுத்து, அது தங்கைக்குத் தெரிந்து, அதன்பிறகு 12 ஆண்டு அவள் சும்மா இருந்தால்தான் சிக்கல்.

பங்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் பாருங்கள். அப்பா தானே சம்பாதித்து வாங்கி, உயில் எழுதாமல் இறந்திருந்தால், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பூர்வீகச் சொத்தில், தமிழ்நாடு 1989 மார்ச் 25 முதல், அன்று மணமாகாமல் இருந்த மகள்களுக்குப் பிறப்புரிமை தந்தது. மணமான மகள்களுக்கும் அதே உரிமையைத் தந்த மத்திய அரசின் திருத்தம் 2005 செப்டம்பர் 9இல் வந்தது. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொன்னது. ஆனால் 2004 டிசம்பர் 20க்கு முன்பே பதிவுப் பத்திரம் மூலமோ நீதிமன்றத் தீர்ப்பு மூலமோ பாகம் பிரித்திருந்தால் அதைக் கலைக்க முடியாது.

என் பெரியத்தையைச் சொல்கிறேன். தாத்தா வாங்கிய நான்கு ஏக்கர், உயில் கிடையாது, 1974இல் இறந்தார். அத்தைக்குப் பங்கு இருந்தது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. "பொறந்த வீட்டுக்குப் போக வர இருந்தாப் போதும்" என்பார். அந்தப் போக்குவரத்தைப் பணயமாக வைத்துத்தான் நம் ஊர்களில் எத்தனையோ பங்குகள் விடுதலைப் பத்திரங்களில் கரைகின்றன. அத்தை இந்தப் பக்கத்தில் மறுபடியும் வருவார்.

பத்திரம் இல்லை, ஆனால் வெகுகாலமாக இருந்த இடத்திலிருந்து ஆள் வைத்துத் துரத்திவிட்டார்கள். என்ன செய்வது?

நாளைக் கடத்தாதீர்கள். 1963ஆம் ஆண்டின் தனிப்பட்ட தீர்வழிச் சட்டம் 6ஆம் பிரிவின்படி, சம்மதமில்லாமலும் சட்டப்படியான நடவடிக்கை இல்லாமலும் வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். உரிமை யாருக்கு என்ற கேள்வியே அங்கே எழாது. எதிராளி உண்மையான சொந்தக்காரராகவே இருந்தாலும், நிலைபெற்றுவிட்ட சுவாதீனத்தை அடியாள் வைத்துக் கலைக்கக் கூடாது, நீதிமன்றம் வழியாகத்தான் வர வேண்டும். அரசுக்கு எதிராக மட்டும் இந்தப் பிரிவு உதவாது.

யாழ்ப்பாணத்தில் எங்கள் காணியில் வேறொருவர் இருக்கிறார். நாங்கள் போரில் இடம்பெயர்ந்தவர்கள். அங்கேயும் இதே சட்டமா?

சொற்களே வேறு. பத்திரத்துக்கு அங்கே உறுதி, சுவாதீனத்துக்கு ஆட்சி. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கெடு பத்து ஆண்டு. உயிர் தப்பி ஓடியவர்களுக்கு அந்தப் பத்து ஆண்டு எத்தனை கொடுமை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஷெல் விழுந்த ஊருக்குத் திரும்பி வந்து "இது என் வளவு" என்று ஆட்சேபிக்க யாரால் முடிந்தது? அதனால் 2016இல் 5ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையிலான காலத்தை, அப்படி உரிமை கோர முடியாமல் போனவர்களுக்காகக் கணக்கிலிருந்து நீக்க அது வழி செய்தது. உங்கள் விஷயத்தில் அது இப்போது எவ்வளவு பயன்படும் என்பதை அங்குள்ள சட்டத்தரணியிடம் உங்கள் உறுதியை எடுத்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.

யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமை பற்றியும் ஒரு சொல். சொத்தை அது முதுசம் (முன்னோர் வழி வந்தது), சீதனம் (பெண்ணுக்குக் கொடுத்தது), தேடிய தேட்டம் (மணவாழ்வில் சம்பாதித்தது) என்று பிரிக்கிறது. "என்ன சொத்து" என்பதைவிட "எந்த வழியாக வந்தது" என்பதையே முதலில் கேட்கும் சட்டம் அது. அந்தக் கேள்வி எனக்கு மிகவும் பிடிக்கும்.

பேருந்தில் என் சீட்டுக்கு மேலே இருந்த பையில் கஞ்சா இருந்தால் நான் குற்றவாளியா?

குற்றவியலில் கைவசம் என்றால் கைக்கு எட்டும் தூரம் அல்ல. அது அங்கே இருப்பது தெரிந்திருக்க வேண்டும், அதன்மீது கட்டுப்பாடும் இருக்க வேண்டும். ஆயுதச் சட்டத்திலும் போதைப்பொருள் சட்டத்திலும் உச்ச நீதிமன்றம் இந்த "அறிந்த கைவசம்" என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. ஆனால் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தில் ஓர் ஆபத்து உண்டு. பொருள் உங்கள் கைவசம் இருந்தது என்று அரசுத் தரப்பு காட்டிவிட்டால், உங்களுக்குத் தெரிந்தே இருந்தது என்று 35, 54 ஆகிய பிரிவுகளின்படி நீதிமன்றம் அனுமானிக்கும். தெரியாது என்பதை நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். தெரியாதவர் "இந்தப் பையைக் கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுங்க" என்றால் வாங்காதீர்கள், ஊர்க்காரராக இருந்தாலும்.

சட்டம் இத்தனை பிரிக்கிறதே, பேச்சுத் தமிழில் இந்த வித்தியாசம் எல்லாம் இருக்கிறதா?

சட்டத்துக்கு முன்பே இருக்கிறது. ஆங்கிலத்தில் வீடு, காய்ச்சல், தங்கை, சாவி எல்லாவற்றுக்கும் ஒரே வினையைப் போட்டுவிடுவார்கள். நமக்கு அப்படி ஒரு வினையே கிடையாது. "எனக்கு ரெண்டு தங்கச்சி", "எனக்குக் காய்ச்சல்" என்போம். பணத்துக்கு மட்டும் "என்கிட்ட ஐந்நூறு ரூபாய் இருக்கு". "என்கிட்ட ரெண்டு தங்கச்சி இருக்கு" என்று யாரும் சொல்வதில்லை. "வீடு அவருக்குச் சொந்தம், சாவி என்கிட்ட இருக்கு" என்ற வாக்கியத்தில் உரிமைக்கும் சுவாதீனத்துக்கும் உள்ள முழு வித்தியாசமும் அடங்கிவிடுகிறது. நான்காம் வேற்றுமை ஒரு பக்கம், 'கிட்ட' இன்னொரு பக்கம். எழுதப் படிக்கத் தெரியாத சாட்சிகூடக் கூண்டில் இதைத் தவறாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

இலக்கணக்காரர்களும் இதைப் பிடித்திருக்கிறார்கள். ஆறாம் வேற்றுமை காட்டும் உடைமையை நன்னூல் இரண்டாகப் பிரிக்கும். தன்னிலிருந்து பிரிக்க முடியாதது தற்கிழமை, பிரிக்கக்கூடியது பிறிதின் கிழமை. என் கை, என் குணம் ஒரு வகை. என் வேல், என் நிலம் வேறு வகை. உருபு ஒன்றுதான், உறவு வேறு. நிலத்தை விற்றால் அது வேறொருவரின் நிலமாகும். குணத்தை எப்படி விற்பது?

வள்ளுவர் 'உடைமை' என்று முடியும் பெயரைப் பத்து அதிகாரங்களுக்கு வைத்திருக்கிறார். அன்புடைமை, அடக்கமுடைமை, அறிவுடைமை, பண்புடைமை என்று எல்லாமே தற்கிழமை. "உள்ளம் உடைமை உடைமை பொருளுடைமை நில்லாது நீங்கி விடும்" என்ற குறளை எல்லோரும் ஊக்கத்துக்காகச் சொல்வார்கள். எனக்கு அது உடைமைக்கு வரையறை தரும் குறளாகவே படுகிறது. நீங்கிவிடக் கூடியதை அவர் அரைமனதோடுதான் உடைமை என்கிறார்.

அப்படியானால் என் சாதி, ஊர், மொழி, பெயர்? இவை என் உடைமையா?

ஊர்க்காரன் என்கிறோம். ஊர் அவனுடையதா, அவன் ஊருடையவனா? இரண்டு பக்கமும் இழுக்கும் சொல் அது. சொந்தம் என்பதும் அப்படியே. வீடு எனக்குச் சொந்தம், அவர் எங்களுக்குச் சொந்தம். ஒன்றில் நான் வைத்திருக்கிறேன், இன்னொன்றில் நானும் வைக்கப்பட்டிருக்கிறேன்.

மொழியை நான் எடுத்துக்கொண்டேன், அது தேயவில்லை. ஆயிரம் பேர் சேர்ந்து அனுபவித்தாலும் குறையாது. அதற்கு எதிரிடை அனுபவமும் கிடையாது. சாதி விஷயத்தில் நான் சமாதானமாக இருக்க மாட்டேன். சான்றிதழில் அது ஓர் உரிமையைப் பெற்றுத்தரும் ஆவணம், அநீதிக்கு ஈடுகட்டும் கருவி, அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் பிறந்த குழந்தையைக் கேட்காமல், அது பேசத் தொடங்கும் முன்பே அதைப் பிடித்துக்கொள்ளும் ஒன்றை 'என்னுடையது' என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பாலின அடையாளத்தில் சட்டமே பதில் சொல்லிவிட்டது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தை அறுதியிடும் உரிமை அவருக்கே என்றது. மருத்துவர் எழுதித் தருவதோ குடும்பம் தருவதோ அல்ல. அந்தத் தீர்ப்புக்குப் பிறகும் என்னிடம் வரும் திருநங்கைகள் கேட்பது பெரும்பாலும் பூர்வீக வீட்டில் பங்கு பற்றித்தான். "புள்ளையே இல்லன்னு சொல்லிட்டாங்க, பங்கு மட்டும் எப்படிக் கேக்குறது?" கேட்கலாம். பெற்றவர் பேச்சை நிறுத்திக்கொண்டதால் பிள்ளையின் வாரிசுரிமை அழிந்துவிடாது.

உடம்பு என்னுடையதுதானே, என் சிறுநீரகத்தை நான் விற்றால் என்ன?

1994ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி குற்றம். கொடுக்கலாம், விற்கக் கூடாது. 'தானாதி விநிமய விக்கிரய' அதிகாரங்களில் தானம் ஒன்றை மட்டும் விட்டுவைத்திருக்கும் சொத்து உடம்பு. வறுமையில் விற்றவர்களைப் பார்த்த யாரும் இந்தத் தடையைக் குறை சொல்ல மாட்டார்கள். உறுப்புக் கொடையாளர்களின் இறுதிச் சடங்குக்கு 2023 முதல் தமிழ்நாட்டில் அரசு மரியாதை உண்டு.

சாமிக்குச் சொத்து இருக்க முடியுமா?

சோழர் காலக் கல்வெட்டுகளில் சிவன் கோயிலுக்கான நில விற்பனைகள், சிவன் சொத்தைக் காப்பவராகக் கருதப்படும் சண்டேசுவரர் பெயரில் நடப்பதைக் காணலாம். ஆங்கிலேயர் காலத்தில் நமக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1925இல் தெய்வத்தைச் சட்ட ஆளாகவே ஏற்றது. உரிமை சாமிக்கு, சுவாதீனம் நிர்வாகிக்கு.

இதன் அழகான உதாரணம் பத்தூர் நடராசர். தஞ்சை வட்டாரத்தில் பத்தூர் விசுவநாத சுவாமி கோயில் பாழடைந்து கிடந்தது. 1976இல் தோண்டும்போது கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் போய், 1982இல் ஒரு கனடா நிறுவனம் விலைகொடுத்து வாங்கியது. நல்லெண்ணத்தில் வாங்கினோம் என்றது அது. பூசை நின்று நூற்றாண்டுகளான ஒரு கோயில் ஆங்கிலேய நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியுமா? முடியும் என்று 1991இல் அங்குள்ள மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நடராசர் திரும்பினார். எத்தனை கை மாறினாலும், எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும், முதல் கைக்கு எப்படி வந்தது என்ற கேள்வி கரையவில்லை.

சாமி வருவதும் பேய் பிடிப்பதும் ஒன்றுதானா?

வினையைக் கவனியுங்கள். சாமி வரும், இறங்கும். பேய் பிடிக்கும். "சாமி பிடிச்சிருக்கு" என்று எங்கள் பக்கம் சொல்ல மாட்டார்கள். சளி பிடிக்கும், சனி பிடிக்கும், பைத்தியம் பிடிக்கும். அழைக்காமல் வருவதற்கெல்லாம் அந்த வினை. ஒரு விதிவிலக்கு, "எனக்கு மல்லிகை பிடிக்கும்" என்பது. அங்கேயும் பிடிப்பது நானல்ல, பூதான்.

என் பெரியத்தைக்கு, மாசி மாதக் குலதெய்வத் திருவிழாவான களரியில் சாமி வரும். மற்ற நாளில் அண்ணன் தம்பிகள் முன்னால் குரல் உயர்த்தாதவர். உடுக்கை ஒலி ஏற ஏறத் தோள் நடுங்கும், கொண்டை அவிழும், அதற்குப் பிறகு பேசுவது அவரில்லை. பெரியப்பாவே கை கட்டி நின்று, "தாயே, வந்திருக்கிறது யாரு?" என்று கேட்பார். வந்தது இன்ன சாமிதான் என்று ஊர் ஒப்புக்கொள்ளும்வரை கேள்விகள் நிற்காது. ஒப்புக்கொண்ட பிறகே திருநீறு வாங்குவார்கள், குறி கேட்பார்கள்.

பேய்க்கும் கேள்விகள் உண்டு. பேயோட்டும் கோடாங்கி கேட்பார்: நீ யாரு, எந்த ஊரு, எந்த இடத்தில் பிடிச்சே, எத்தனை நாளாச்சு, என்ன வேணும்? பிறகு கேட்டதைக் கொடுத்து, உச்சி முடியைப் புளியமரத்தில் ஆணியடித்து முடிப்பார்கள். நீதிமன்றத்துக்கு வந்த பிறகுதான் எனக்கு உறைத்தது, சுவாதீன வழக்கில் நாங்கள் கேட்பதும் இவையே. யார், எப்போது நுழைந்தாய், எந்த வழியாக, யார் அனுமதியில்? உடம்பும் ஒருவர் ஆண்டுகொண்டிருக்கும் இடம்தான், அதற்குள் வேறொன்று குடியேறிவிட்டதாகச் சொல்லும்போது அதற்கும் ஒரு விசாரணை தேவை என்று ஊர் நினைத்திருக்கிறது. இது இந்துக் கோயில்களுக்கு மட்டும் உரியதும் அல்ல. உவரி, புளியம்பட்டி அந்தோணியார் கோயில்களிலும் ஏர்வாடி தர்காவிலும் இதே துன்பத்தோடு வந்து தங்குகிறவர்கள் உண்டு.

பேய் பிடித்திருப்பது நோயா, நம்பிக்கையா? மருத்துவரிடம் போக வேண்டுமா?

சங்க காலத்திலேயே ஒரு தவறான முடிவு பதிவாகியிருக்கிறது. மகள் மெலிகிறாள். முருகு அணங்கியது, அதாவது முருகன் பிடித்து வருத்துகிறான் என்று தாய் முருக பூசாரியான வேலனை அழைத்து, சாமியாடும் வெறியாட்டு நடத்துகிறாள். காரணம் காதல் என்பது தோழிக்குத் தெரியும். நற்றிணைத் தோழி நேராக முருகனிடமே பேசுகிறாள்: "கடவுள் ஆயினும் ஆக, மடவை மன்ற வாழிய முருகே". நீ கடவுளாகவே இரு, ஆனாலும் அறியாதவன்தான் என்கிறாள். அந்த வீட்டில் வேலனைக் கேட்டார்கள். மகளைக் கேட்கவில்லை.

இன்றும் அதுதான் நடக்கிறது. திருமணமான சில மாதத்தில் 'பிடித்த' பெண்ணிடம், புகுந்த வீட்டில் என்ன நடக்கிறது என்று தனியாக உட்கார்ந்து கேட்பவர்கள் குறைவு. கேட்டால் பல நேரம் அடி, பட்டினி, படிப்பை நிறுத்தியது என்று ஒன்று வெளியே வரும்.

உலக சுகாதார அமைப்பின் 11ஆம் நோய் வகைப்பாட்டில் இப்படி ஆட்பட்ட நிலைக்குத் தனி நோய்ப் பெயர் உண்டு. ஆனால் ஒரு சமூகம் தன் வழிபாட்டின் பகுதியாக ஏற்றுக்கொண்டதை அது நோய் என்று சொல்வதில்லை. களரியில் ஆடி, ஆட்டம் முடிந்து மோர் குடித்துவிட்டு வீட்டு வேலை பார்த்த என் அத்தைக்கு நோய் இல்லை. தானே விரும்பாமல், அடிக்கடி, துன்பத்தோடு, அன்றாட வாழ்க்கையே நின்றுபோகும்படி வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கோயிலுக்கும் போங்கள், மருந்தையும் நிறுத்தாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

கட்டிப்போடாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி அதிகாலை ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகக் கொட்டகையில் தீப்பிடித்தபோது 28 பேர் இறந்தார்கள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. பேய் பிடித்ததோ இல்லையோ, அவர்களைக் கடைசிவரை பிடித்திருந்தது மனிதர்கள் பூட்டிய இரும்பு.

சாமி வந்த நேரத்தில் செய்தது குற்றமாகுமா?

சாமி வந்தது என்பது மட்டும் தற்காப்பு ஆகாது. செய்யும் செயல் இன்னதென்றோ தவறென்றோ அறிய முடியாத அளவுக்குச் சித்தம் பேதலித்திருந்தது என்று காட்டினால்தான் இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 22ஆம் பிரிவு காக்கும். மறுபுறம், "இதைச் செய்யாவிட்டால் தெய்வக் குற்றம் வரும்" என்று நம்பவைத்து ஒருவரைச் செயல்படவைப்பது 354ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. காசு பிடுங்கும் குறிகாரர்களுக்கு இது தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

நிலத்தை விற்கப் போகிறோம். அதில் எங்கள் குலதெய்வம் இருக்கிறது. என்ன எழுதுவது?

முதலில் வழிபடுகிறவர்கள் யார் என்று பாருங்கள். ஊரே கும்பிடும் கோயிலாகிவிட்டிருந்தால் அது உங்கள் சொத்து என்று விற்க முடியாது. பங்காளிகள் மட்டும் கும்பிடுவதானால் கோயில் நிற்கும் இடத்தை விற்பனையிலிருந்து கழித்து, நான்கெல்லை சொல்லி, சென்ட் கணக்கோடு எழுதுங்கள். பாதையிலிருந்து கோயில்வரை வழிநடைப் பாத்தியத்தை அகலம் குறிப்பிட்டு எழுதுங்கள். "வழக்கம்போல் போய்வரலாம்" என்று எழுதினால், வாங்கியவரின் மகன் வேலி போடுவான். இடமே கைவிட்டுப் போகிறதென்றால், முறைப்படி உத்தரவு கேட்டுப் பிடிமண் எடுத்து, போகிற ஊரில் வைத்துக் கும்பிடுவது வழக்கம்.

எங்கள் நான்கு ஏக்கரை விற்றபோது பத்திரத்தை நான்தான் எழுதினேன். கிழக்கு மூலையில் மூன்று சென்ட்டை ஒதுக்கினேன், தென்புறம் ஆறடி வழி. விற்பவர்கள் வரிசையில் பெரியத்தையின் பெயரைச் சேர்த்தபோது சித்தப்பாக்கள் ஒன்றும் சொல்லவில்லை. களரியில் அவர் காலில் விழுந்தவர்கள்தானே. பதிவு அலுவலகத்தில் கட்டைவிரலை மையில் வைத்துக்கொண்டே அத்தை கேட்டார்: "இது என் பங்குக்கா, சாமி பங்குக்கா?" உங்கள் பங்குக்கு, சாமி பங்கை விற்கவில்லை என்றேன். ரேகையை அழுத்திப் பதித்தார்.